லப்பித்தா: காதில் தவறி விழுந்த ஒரு சொல்

பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளில் மனிதர் எப்போது, எவ்வழியே குடியேறினர் என்று ஆராயும் தொல்லியல் எழுத்துகளில் ‘லப்பித்தா’ என்னும் சொல் தவறாமல் எதிர்ப்படும். அதை ஓர் இனத்தின் பெயராகவோ மொழியின் பெயராகவோ எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் அந்தப் பெயரால் தம்மை அழைத்துக்கொண்ட மக்கள் எவரும் இருந்ததில்லை. அது ஒருவகை மட்கலத்துக்கும், அந்த மட்கலத்தைக் கொண்டு அடையாளம் காணப்படும் பண்பாட்டுக்கும் ஆய்வாளர் இட்ட பெயர்.

பெயர் பிறந்த கதை வேடிக்கையானது. 1952ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் கிஃபோர்ட், ரிச்சர்ட் ஷட்லர் ஆகியோர் நியூ கலிடோனியாவின் மேற்குக் கரையில், கோனே ஊருக்கு அருகிலுள்ள ஃபுவே தீபகற்பத்தில் அகழாய்வு செய்தனர். அவ்வட்டாரத்து ஹவேக்கே மொழியில் ‘ஃகாப்பெத்தா’ என்றால் குழி தோண்டுதல், அல்லது தோண்டும் இடம் என்று பொருள். அகழாய்வாளரின் காதில் அது ‘லப்பித்தா’ என்று விழ, அதுவே இடப்பெயராகக் குறிக்கப்பட்டுவிட்டது. தோண்டியவர்கள் தம் தொழிலின் பெயரையே தாம் கண்டெடுத்த பண்பாட்டுக்குச் சூட்டிவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

அங்கே கிடைத்த மட்கலம் அவர்களுக்கு முற்றிலும் புதிதன்று. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த வாட்டோம் தீவில் ஓட்டோ மேயர் என்னும் பாதிரியார் 1909இலேயே இத்தகைய ஓடுகளைக் கண்டெடுத்திருந்தார். 1920இல் டோங்காவில் நடந்த ஆய்வில் கிஃபோர்டே பங்கேற்றிருந்தார்; அங்கும் இத்தகைய ஓடுகள் கிடைத்திருந்தன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலால் பிரிந்து கிடந்த இவ்விடங்களை ஒரே சரட்டில் கோத்ததும், கரிமக் காலக்கணிப்பின் வழியே நியூ கலிடோனியக் கலங்களுக்கு ஏறத்தாழ 2800 ஆண்டுகள் என்று வயது கண்டதுமே 1952ஆம் ஆண்டு அகழாய்வின் பெரும்பயன்.

இதன் முக்கியத்துவம் புரிய இன்னொரு சொல்லையும் பார்க்கவேண்டும். ‘பாலினேசியா’ என்பது ‘பல’, ‘தீவு’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. தமிழில் ‘பல்தீவகம்’ எனலாம். 1756இல் பிரெஞ்சு அறிஞர் சார்ல் து பிரோஸ் இதைப் பசிபிக் தீவுகள் அனைத்துக்கும் வழங்கினார். 1831இல் பிரெஞ்சுக் கடலோடி துமோன் துர்வில் பொருளைச் சுருக்கி, கிழக்கே பாலினேசியா, மேற்கே மெலனேசியா என்று கோடு கிழித்தார். மக்களின் தோல்நிறத்தையும் மனத்தில் வைத்துக் கிழித்த கோடு அது. மெலனேசியப் பக்கத்து வாட்டோமிலும் நியூ கலிடோனியாவிலும், பாலினேசியப் பக்கத்து டோங்காவிலும் ஒரே வகைக் கலம் கிடைத்தபோது, பானையோடுகள் அந்தக் கோட்டைக் கடந்துவிட்டன.

பின்வந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. சொலமன் தீவுகளின் தென்கிழக்கிலுள்ள ரீஃப், சாந்தா குரூஸ் தீவுகளில் ரோஜர் கிரீன் அகழ்ந்தெடுத்த எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளுட் பல, ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியூ பிரிட்டன் தீவிலிருந்து வந்தவை. டோங்காவின் நுக்குலேக்காவில் டேவிட் பர்லி கண்டெடுத்த பவளப்பாறை அரம் ஒன்று யுரேனியம்–தோரியம் முறையில் காலங்கணிக்கப்பட்டு, சுமார் 2838 ஆண்டுகள் பழமையானது என்று தெரியவந்தது. டோங்காவிலும் சமோவாவிலும் தங்கியவர்களின் வழியினரே காலப்போக்கில் பாலினேசியராயினர். ஆனால் அவர்கள் பானை செய்வதையே கைவிட்டுவிட்டனர் என்பதால், கிழக்குத் தீவுகளின் குடியேற்றத்தை ஆராய்பவர்க்கு இந்தத் தடயம் உதவுவதில்லை.

இனித் தமிழ். நம் கறுப்பு–சிவப்பு மட்கலம் நிறத்தால் பெயர் பெற்றது. பெயரைக் கேட்டாலே கலம் கண்ணில் தெரியும். லப்பித்தாக் கலத்தை அப்படிப் பெயரிட வேண்டுமானால், சீப்பு போன்ற பல்லுள்ள சிறு அச்சை ஈரக் களிமண்ணில் வரிசையாக அழுத்தி அழகுசெய்த அதன் முறையைக் கொண்டு ‘பல்லச்சு மட்கலம்’ எனலாம். பொருத்தமான பெயர்தான்; ஆயினும் அதைப் பண்பாடு முழுமைக்கும் நீட்டுவது சரியாகாது. இவ்விடங்களில் கிடைக்கும் ஓடுகளில் பெரும்பாலானவை அழகுவேலையே இல்லாத வெறும் ஓடுகள். ஆகவே அழகுசெய்த கலத்துக்குப் ‘பல்லச்சு மட்கலம்’ என்றும், பண்பாட்டுக்கு ‘லப்பித்தாப் பண்பாடு’ என்றும் வேறுபடுத்தி வழங்குவதே தகும்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். ‘லபிடா’ என்று எழுதினால், உயிர்களுக்கு இடையே வரும் ஒற்றைப் பகரமும் டகரமும் தமிழில் மெலிந்து ஒலிக்கும்; ஏற்கெனவே ஒருமுறை தவறாகக் கேட்கப்பட்ட சொல் இரண்டாம் முறையும் திரிந்துபோகும். பிரெஞ்சு வழங்கும் நியூ கலிடோனியாவில் கடைசி எழுத்து பல்லில் நா பொருந்தும் தகரமாகவே ஒலிப்பதால் ‘லப்பித்தா’ என்பதே நெருக்கமானது. மக்களைக் குறிக்கவேண்டிய இடத்தில் ‘லப்பித்தா இனத்தவர்’ என்னாமல் ‘லப்பித்தாக் கலம் வனைந்தோர்’ என்று எழுதலாம்.