512 எம்பி எல்லைக்குள் உறைந்து நிற்கும் கண்டெய்னர்

64 ஜிபி நினைவகம் கொண்ட சர்வரில், 512 எம்பி மட்டும் ஒதுக்கப்பட்ட ஒரு கண்டெய்னருக்குள் (டாக்கர் என்னும் மென்பொருள் உருவாக்கியது) நுழைந்து, நினைவக அளவைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையை இட்டால், 64 ஜிபி என்றே விடை வரும். இது பிழையன்று. கண்டெய்னர் தனிக் கணினி அன்று; இயங்குதளத்தின் மையமான ஒரே கர்னலின்மேல், ஒன்றையொன்று காணாதபடி மறைத்து ஓடவிடப்படும் புராசஸ்களின் (ஓடும் நிரல்களின்) தொகுதி. ‘ஃப்ரீ’ படிக்கும் மெம்இன்ஃபோ கோப்பு சர்வர் முழுவதற்கும் பொதுவானது. எல்லையை வைத்திருப்பதோ சிகுரூப் என்னும் வேறோர் ஏற்பாடு. கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய அந்த வேலை, 2008இல் வெளியான லினக்ஸ் 2.6.24 கர்னலில் இடம்பெற்றது. எல்எக்ஸ்சி என்ற வேறொரு கண்டெய்னர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு, மெம்இன்ஃபோவில் கண்டெய்னரின் எல்லையையே காட்டும் எல்எக்ஸ்சிஎஃப்எஸ் என்ற கருவி உண்டு.

பழைய ஜாவா இதில்தான் ஏமாந்தது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் கணினியின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கை ஹீப்பின் (நிரல் தன் தரவை வைக்கும் இடத்தின்) உச்சவரம்பாக அது வைத்துக்கொள்ளும். மேற்சொன்ன சர்வரில் அது 16 ஜிபி. 512 எம்பியைத் தாண்ட முயன்று, விடுவிக்க வேறு இடமும் இல்லாமல் போனால், நினைவகம் தீரும்போது புராசஸைக் கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லர் அதைக் கொன்றுவிடும். வெளியேறும் எண் 137 என்று வந்தால், 128உடன், உடனே கொல்லச் சொல்லும் 9ஆம் சிக்னலின் எண்ணைக் கூட்டிய கணக்கு அது. 2018இல் வந்த ஜாவா 10 முதல் சிகுரூப் எல்லையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

செத்துப்போகும் புராசஸ் தடயத்தை லாக்கில் விட்டுச் செல்லும். சாகாமல் உறைந்து நிற்பதுதான் உண்மையான தொல்லை. எல்லையைத் தொட்டவுடன் கர்னல் யாரையும் கொல்வதில்லை. முதலில், கோப்புகளைப் படித்தபோது நினைவகத்தில் நகலாகச் சேர்ந்த கேச்சைக் கழிக்கிறது. அதனால்தான் ஒரு பெரிய பேக்கப் ஓடியபின் பயன்பாடு எல்லையை ஒட்டி நின்றாலும் கவலைப்படத் தேவையில்லை. கழிக்க வேறு கேச் இல்லாதபோது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளைத் தாங்கிய பக்கங்களையும் (நினைவகத்தின் சிறு துண்டுகளையும்) அது தூக்கி எறியும், ஏனெனில் அவையும் வட்டிலுள்ள ஒரு கோப்பின் நகல்களே. அடுத்த நொடி நிரலுக்கு அதே பக்கம் தேவைப்படும், வட்டிலிருந்து மீண்டும் படிக்கப்படும், மறுபடியும் எறியப்படும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இடம் கிடைத்துவிடுவதால், கர்னலின் பார்வையில் நிலைமை கைமீறிப் போகவில்லை; கண்டெய்னருக்குள் ஓர் எழுத்தைத் தட்டியவர் மட்டும் அது திரையில் தோன்றக் காத்துக்கொண்டிருப்பார். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) இல்லாத சர்வரிலும் இது நடக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஸ்வாப் இருந்தாலோ, டாக்கரில் நினைவக எல்லையை மட்டும் 512 எம்பி என்று கொடுத்தவருக்கு இன்னொரு 512 எம்பி ஸ்வாப்பும் கேட்காமலே சேர்ந்துவிடுவதால், உயிர் போகாத இழுபறி இன்னும் நீளும்.

எனவே ‘ஃப்ரீ’யை விட்டுவிட்டு, அந்தக் கண்டெய்னரின் சிகுரூப் அடைவுக்குள் பார்க்க வேண்டும். சிகுரூப் இரண்டாம் பதிப்பில் ‘மெமரி.ஈவென்ட்ஸ்’ கோப்பைச் சில நொடி இடைவெளியில் இருமுறை படியுங்கள். ‘ஓஓஎம்_கில்’ எண் ஏறியிருந்தால் கொலை நடந்திருக்கிறது. ‘மேக்ஸ்’ மட்டும் விரைவாக ஏறினால், எல்லையில் முட்டி முட்டிப் பக்கங்களைக் கழித்துக்கொண்டிருக்கிறது. ‘ஹை’ ஏறினால், ‘மெமரி.ஹை’ என்ற மென்மையான எல்லையை யாரோ வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும் புராசஸ் கொல்லப்படாது, வேண்டுமென்றே மெதுவாக்கப்படும். நினைவகம் கசியும் நிரலுக்கு இந்த எல்லையை மட்டும் வைப்பது, உறைந்துபோ என்று நாமே கேட்டுக்கொள்வதற்குச் சமம். 4.20 கர்னலில் வந்த ‘மெமரி.பிரஷர்’ கோப்பு, நினைவகத்துக்காகக் காத்துக் கழிந்த நேரத்தைச் சதவீதமாகவே தருகிறது. அதில் ‘ஃபுல்’ வரியின் பத்து நொடிச் சராசரி 40 என்றால், அந்த நேரத்தில் நாற்பது விழுக்காடு எந்த வேலையும் நகரவில்லை என்று பொருள்.

நினைவகத்திலேயே கோப்புகளை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ் மீதும் ஒரு கண் இருக்கட்டும்: அங்கு எழுதும் கோப்புகளும் இதே 512 எம்பியில் கணக்காகும், ஸ்வாப் இல்லையேல் அழிக்கும்வரை கழியா.

இத்தனையும் சரியாக இருந்தும் கண்டெய்னர் ‘ஓடுகிறது’ என்று காட்டியபடி வேலை செய்யாமல் நிற்குமானால், ஓஓஎம் கில்லர் துணைப் புராசஸ் ஒன்றை மட்டும் கொன்று, கண்டெய்னர் ஓடுவதற்கு அடையாளமான முதல் புராசஸை விட்டுவைத்திருக்கக்கூடும். ‘மெமரி.ஓஓஎம்.குரூப்’ கோப்பில் 1 என்று எழுதிவைத்தால், அடுத்தமுறை தொகுதி முழுவதும் ஒன்றாகச் சாகும். மறுதொடக்க விதி அமைத்திருந்தால் கண்டெய்னர் மீண்டும் எழும்.