யோம்: 'ஆறு நாள்' என்பதில் உள்ள நாள்

கொடைக்கானலில் கார்த்திகை மாதம் வந்தால் சில சமயம் தொடர்ந்து நான்கைந்து நாள் சூரியன் கண்ணில் படாது. காலையில் பனிமூட்டம், மத்தியானம் மழை, சாயங்காலம் திரும்பவும் பனிமூட்டம். அப்படி ஒரு வாரத்தில்தான் எங்கள் ஞாயிறு வகுப்பில், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததாக வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் சொல்வதைப் படித்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, சூரியனைக் கடவுள் நாலாம் நாள்தானே உண்டாக்கினார்? அப்போ முதல் மூணு நாளை எதை வெச்சு நாள்னு எண்ணினாங்க?" பள்ளியிலிருந்து சூரிய ஆய்வகத்துக்குப் போய் வந்த சூடு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற திருச்சபை அறிஞரும் இதையேதான் கேட்டார். சூரியனும் நிலவும் விண்மீனும் இல்லாமல் முதல் மூன்று நாளுக்கு மாலையும் காலையும் எப்படி வந்திருக்கும் என்பது அவர் கேள்வி. எல்லாம் 'யோம்' என்ற ஒரு சின்னச் சொல்லில் போய் நிற்கிறது.

யோம், ஆதியாகமம் எழுதப்பட்ட எபிரேய மொழியின் சொல். பன்மை யாமிம். அரபியில் இதன் உடன்பிறப்பு யவ்ம். யூதர்களின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் இருப்பதும் இதே சொல்தான். நம் வேதாகமத்தில் பெரும்பாலும் 'நாள்' என்று வருகிறது. பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. ஆதியாகமம் 1:5ஐ எடுத்துப் பாருங்கள். தேவன் வெளிச்சத்துக்குப் 'பகல்' என்று பேரிட்டார் என்கிற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது யோம். அதே வசனத்தின் முடிவில் 'முதலாம் நாள்' என்கிற இடத்தில் இருப்பதும் யோம். ஒரே வசனத்தில் ஒரே சொல், முதலில் பகல்பொழுதாகவும் பிறகு மாலையும் காலையும் சேர்ந்த முழு நாளாகவும் நிற்கிறது. அப்புறம் 2:4க்கு வந்தால், கர்த்தர் வானத்தையும் பூமியையும் உண்டாக்கிய 'நாளில்' என்று ஒருமையில் வருகிறது. ஆறு நாள் வேலையும் அங்கே ஒரு யோமுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு அதிகாரம் தாண்டுவதற்குள் மூன்று அளவு.

இந்த நெகிழ்ச்சி தமிழ் 'நாளுக்கும்' உண்டு என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். பழைய மதுரையில் பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று பெயர். அங்கே நாள் என்றால் பகல். 'மூன்று நாள் கழித்து வா' என்றால் இரவும் பகலும் சேர்ந்த கணக்கு. 'வாழ்நாள்' என்றால் முழு ஆயுள். 'தாத்தா நாளிலே' என்றால் ஒரு காலம். பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் 'இன்னிக்கு அரை நாள்தான்' என்றால் அது கூலிக் கணக்கு. 'நாளும் கோளும்' என்னும்போது நாள் நட்சத்திரத்தையே குறிக்கிறது. இந்தக் கடைசிப் பொருள் யோமுக்குக் கிடையாது. மற்றவை அநேகமாக அப்படியே பொருந்தும்.

சரி, படைப்பின் ஆறு நாள் எவ்வளவு நீளம்?

வழக்கமான நாள்தான், 24 மணி நேரம்தான் என்பது மிகப் பழைய வாசிப்புகளில் ஒன்று. நான்காம் நூற்றாண்டில் பேசில் என்ற ஆயர் அப்படித்தான் பிரசங்கித்தார். சீர்திருத்தத் திருச்சபையைத் தொடங்கிய லூத்தரும் அதையே பிடித்தார். இவர்கள் பக்கம் பலமான வாதங்கள் உண்டு. மாலையும் காலையும் என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறது. யாத்திராகமம் 20:11இல் ஓய்வுநாள் கட்டளையே இந்த ஆறு நாளின் மேல் நிற்கிறது. நெடுங்காலம் என்று சொல்ல 'ஓலாம்' என்ற சொல் எபிரேயத்தில் இருந்தும் அது இங்கே வரவில்லை. இந்த வாசிப்பை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் வசனத்தைக் கவனமாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பழைய திருச்சபையின் பெரிய சிந்தனையாளரான அகஸ்தீன் வேறு திசையில் போனார். கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நமக்குப் புரியும்படி வகுத்துச் சொன்ன ஒழுங்கு என்றார். அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று நினைத்துப் பார்ப்பதே கடினம் என்றும் எழுதினார். பூமியின் வயது பற்றிய அறிவியல் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தைய பேச்சு இது. அறிவியலுக்குப் பயந்துதான் நாளை நீட்டினார்கள் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்காததற்கு அகஸ்தீனே காரணம்.

19ஆம் நூற்றாண்டில் பாறைகளைப் படித்தவர்கள் வந்தார்கள். ஸ்காட்லாந்தின் ஹியூ மில்லர் 1857இல் வெளிவந்த நூலில் ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட காலம் என்றார். ஏழாம் நாளுக்கு மாத்திரம் 'மாலையும் காலையும்' என்ற வரி கிடையாது. அது இன்னும் முடியவில்லை என்பது இந்தப் பக்கத்தார் அடிக்கடி காட்டும் சான்று. அதே நாட்டின் தாமஸ் சால்மர்ஸ் அவருக்கும் முன்பே, முதல் வசனத்துக்கும் ஆறு நாளுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருந்தது என்று போதித்தார். 20ஆம் நூற்றாண்டில் இன்னொரு வாசிப்பு பரவியது. முதல் மூன்று நாளில் இடங்கள், அடுத்த மூன்று நாளில் அங்கே குடியேறுகிறவை. ஒளிக்கு நேராகச் சுடர்கள், வானுக்கும் நீருக்கும் நேராகப் பறவையும் மீனும், நிலத்துக்கு நேராக விலங்கும் மனிதனும். நாள் இங்கே கடிகாரம் அல்ல, கட்டமைப்பு.

கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையம் 1909இல் யோமை இயல்பான நாளாகவும் கொள்ளலாம், ஒரு கால அளவாகவும் கொள்ளலாம் என்று இடம் விட்டது. எங்கள் செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் தொடங்கிய கல்லூரி அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரே வளாகத்தில் குருமாணவர் வகுப்பும் உயிரியல் அருங்காட்சியகமும். அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நடந்தவர்களுக்கு இந்த இடம் தேவைப்பட்டிருக்கும்.

படைப்பு கி.மு. 4004இல் நடந்தது என்ற கணக்கை இதில் குழப்பக் கூடாது. 1650இல் பேராயர் அஷர் போட்ட அந்தக் கணக்கு எப்போது என்பதைப் பற்றியது. நாம் பேசுவது எவ்வளவு நேரம் என்பதை.

தமிழில் யோமை எப்படிச் சொல்வது? வேத பாடக் குறிப்புகளில் சிலர் 'யுகம்' என்று எழுதுகிறார்கள். வேண்டாம். யுகத்துக்கு நம் மண்ணில் வேறு கணக்கு உண்டு, நான்கு யுகமும் சுழற்சியும் கூடவே வந்துவிடும். 'ஊழி' என்றால் அழிவின் நினைவு ஒட்டிக்கொள்ளும். '24 மணி நேரம்' என்று எழுதினால் வாசகருக்குப் பதிலாக நாமே முடிவு எடுத்துவிடுகிறோம். பழைய தமிழ் வேதாகமமும் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் 'நாள்' என்றே வைத்தது சரி. கொள்கைகளுக்குப் பெயர் வேண்டுமானால் வழக்க நாள், நெடுநாள், இடைவெளி, கட்டமைப்பு என்று சொல்லலாம். 'நெடுநாள்' எனக்குப் பிடித்தது. 'நெடுநாளாகப் பார்க்கவில்லை' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்தான், அதில் நாளும் இருக்கிறது, நீளமும் இருக்கிறது.

பையனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. மூன்றாம் வசனத்திலிருந்து ஐந்தாம் வசனம் வரை அவனையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வெளிச்சம் உண்டாகிறது, அந்த வெளிச்சத்துக்குத்தான் யோம் என்று பெயர் வைக்கப்படுகிறது. சூரியனுக்கு அல்ல. சூரியன் பிறகு வந்து அந்தப் பகலை ஆளுகிறது. வாசித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். கோவில் வாசல் தைலமரங்கள்கூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். மணி பதினொன்று, வெளியே நல்ல பகல்.