‘நகல்’ அன்று, வழிப்பதிவு

அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங் எழுதி 1965இல் பாடி வெளியிட்ட ‘ரெஸ்பெக்ட்’ பாடலைப் பாடகி அரீத்தா ஃபிராங்ளின் 1967இல் ‘நகலெடுத்தார்’ என்று தமிழில் மேலும் ஒருமுறை படிக்க நேர்ந்தது. ஒருவர் பாட்டை வேறொருவர் பாடிப் பதிவதைக் குறிக்கும் ‘கவர்’ (cover) என்பதற்கு ‘நகல்’ என்றும், முதலில் பாடியதற்கு ‘அசல்’ என்றும் எழுதும் வழக்கம் இசைக் கட்டுரைகளில் வேரூன்றிவிட்டதால், இதைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

‘கவர்’ என்பது அமெரிக்க இசைத்தட்டு வணிகர்களின் வழக்கு. ஒரு நிறுவனத்தின் தட்டு விற்கத் தொடங்கியதும், போட்டி நிறுவனம் அதே பாட்டைத் தன் பாடகரைக் கொண்டு விரைந்து பதிந்து கடைக்கு அனுப்பும். பின்னர், ஒருவர் பாட்டை வேறொருவர் எப்போது பதிந்தாலும் அதுவே பெயராயிற்று.

‘அசல்’, ‘நகல்’ இரண்டுமே அரபு மூலத்தன. பத்திரம் எழுதும் இடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பொருந்துபவை. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக மட்டும் நான் அவற்றைத் தள்ளவில்லை. நகல் என்றால் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ரெடிங்கின் பதிவில் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கிறான். அரீத்தாவின் பதிவில் கேட்பவள் பெண். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாடும் இடம் ரெடிங்கிடம் கிடையாது. கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் தனிவாசிப்பும் கிடையாது. இத்தனையும் புதிதாகச் சேர்ந்த ஒன்றை நகல் என்பவர் இரண்டில் ஒன்றையேனும் கேட்டிருக்க மாட்டார். மறுபுறம், ‘அசல்’ என்ற சொல்லில் ‘உயர்ந்தது’ என்ற தீர்ப்பும் ஒட்டிக்கொண்டிருப்பதால், ரெடிங்கின் முரட்டுத் தாளத்தையும் இடித்து நுழையும் ஊதுகருவிகளையும் அவற்றுக்காகவே கேட்க விடாமல், எது சிறந்தது என்ற பட்டிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

சிலர் எழுதும் ‘மறுபதிப்பு’ இதைவிடக் குழப்பம். பழைய பதிவையே மீண்டும் தட்டாக்கி விற்பதற்கு அச்சொல் தேவைப்படுகிறது.

நமக்கு வேண்டிய சொல் நன்னூலிலேயே இருக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, அதாவது வேறுபாடு, கூறுவது வழிநூல். அரீத்தா செய்தது அதுவே. ஆகவே முதற்பதிவு, வழிப்பதிவு என்று சொல்லலாம். அவருடைய அக்கா எர்மா ஃபிராங்ளின் 1967இல் பாடிய ‘பீஸ் ஆஃப் மை ஹார்ட்’ முதற்பதிவு. மறு ஆண்டு ஜானிஸ் ஜாப்ளின் தம் குழுவோடு அலறிப் பாடியது வழிப்பதிவு. பலர் ஜாப்ளினை மட்டுமே அறிவர். எர்மா குரலை அடக்கி, ஒவ்வொரு அடியிலும் சிறிது சிறிதாக ஏற்றுவதை அவர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

இச்சொற்களால் இன்னொரு முடிச்சும் அவிழ்கிறது. ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ பாடலை மிராக்கிள்ஸ் குழு 1966இல் பதிந்தது; மார்வின் கே 1967இல் பதிந்தார்; ஆனால் கிளாடிஸ் நைட் குழுவின் பதிவே 1967இல் முதலில் கடைக்கு வந்தது; மார்வின் கேயின் பதிவு 1968இல்தான் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. இவற்றுள் எது அசல்? முதற்பதிவு மிராக்கிள்ஸுடையது, முதல் வெளியீடு கிளாடிஸ் நைட்டுடையது என்றால் தகராறு இல்லை.

‘டெயின்டட் லவ்’ பாடலில், குளோரியா ஜோன்ஸ் 1960களில் பாடியது முதற்பதிவு. 1981இல் சாஃப்ட் செல் குழு மின்னிசையில் தந்தது வழிப்பதிவு. இடையே, 1976இல் குளோரியா தாமே மீண்டும் பாடியதை இவ்விரண்டிலும் அடக்க முடியாது. அதற்கு ‘மறுபதிவு’ போதும்.