சதக்கா: ஒரு சொல்லும் அதற்குள் இருக்கும் மெய்யும்

போன ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார்கள். தக்கலைப் பக்கம் வீடு வீடாகக் கொடுக்க ஒரு நோட்டீஸ். நோயாளிகளின் மருந்துச் செலவுக்குப் பைசா சேர்க்கிறார்கள். இறைவனுக்காகப் பிறருக்குக் கொடுப்பதை முஸ்லிம்களான நாங்கள் சதக்கா என்போம். ‘உங்கள் சதக்காவைத் தாருங்கள்’ என்று முதலில் எழுதியிருந்ததை ஒருவன் அடித்துவிட்டு ‘ஈகை’ என்று மாற்றியிருந்தான். இன்னொருவன் அதையும் அடித்து ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தான். மூன்றாமவன் ‘தர்மம்’தான் எல்லாருக்கும் புரியும் என்றான். “சதக்காவுக்குச் சரியான தமிழ் எது? நீங்களே சொல்லுங்க காக்கா” என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டார்கள். காக்கா என்றால் எங்கள் வழக்கில் அண்ணன். அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பிறகு நிதானமாக யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. அரபியில் இது ஸாத், தால், காஃப் என்ற மூன்று எழுத்துகளின் மேல் நிற்கும் சொல். கடைசி எழுத்து தொண்டையின் அடியிலிருந்து அழுத்தி வரும் ‘க’. தமிழில் ‘ஸதகா’ என்று எழுதினால் நடுவில் வரும் ஒற்றைக் ககரம் மெலிந்து ஒலித்துவிடும். அதனால்தான் நம் மக்கள் அதை இரட்டித்துச் ‘சதக்கா’ ஆக்கினார்கள். தமிழின் ஒலி முறைக்கு ஒத்த மாற்றம் அது. பாளையங்கோட்டையில் 1971இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. காயல்பட்டினத்தில் பிறந்து 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞரின் பெயர் அது. ‘அல்லாஹ்வின் சதக்கா’ என்பது அதன் நேர்ப்பொருள். நம் குமரி மாவட்டத்திலிருந்து அங்கே போய்ப் படித்தவர்கள் எத்தனையோ பேர். தினமும் வாயில் வந்த பெயருக்குள் இந்தச் சொல் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இனி வேர். ஸித்க் என்றால் உண்மை. உண்மையாளன் சாதிக். சொல்லிலும் செயலிலும் முழுக்க உண்மையாக நிற்பவர் சித்தீக். முதல் கலீஃபா அபூபக்கருக்குக் கிடைத்த பட்டம் இது. இடலாக்குடியிலோ குளச்சலிலோ தெருவில் நின்று இந்த இரண்டு பெயர்களையும் கூப்பிட்டால் நிச்சயம் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்தில் பிறந்த சொல்தான் சதக்கா. எபிரேய மொழியில் யூதர்கள் தருமத்துக்குச் சொல்லும் ‘செதாக்கா’வும் இதே வேரில் வந்தது, அங்கே நீதி, நேர்மை என்ற பொருள் மேலோங்கி நிற்கும்.

கொடுப்பதற்கும் உண்மைக்கும் என்ன உறவு? ‘சதக்கா ஒரு சான்று’ என்று ஒரு நபிமொழி உண்டு. ஈமான், அதாவது இறைநம்பிக்கை, இருக்கிறது என்று வாயால் யாரும் சொல்லிவிடலாம். அந்தச் சொல் உண்மைதான் என்று காட்டுவது கையிலிருந்து போகும் பொருள். ஆக, சதக்கா என்றால் சொன்னதை மெய்யாக்குவது.

மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹருக்கும் அரபியில் ஸதாக் என்று ஒரு பெயர் உண்டு. குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் இந்த வேர்ச்சொல்லாலேயே அது குறிக்கப்படுகிறது. ஆண் கொடுக்க வேண்டியதற்கு ‘உண்மை’ என்ற வேரில் பெயர் வைத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, பெண் வீட்டில் கைக்கூலி, அதாவது வரதட்சணை, வாங்குவது எனக்கு எப்போதும் வேதனையான விஷயம். கைக்கூலி வேண்டாம் என்று சொல்லி நிக்காஹ் செய்யும் இளைஞர்களை இப்போது பார்க்கிறேன். அவர்கள் இந்தச் சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார்கள் என்றே சொல்வேன்.

ஜகாத் வேறு, சதக்கா வேறு என்று மதரஸாவில் படித்திருப்போம். ஜகாத் கடமை: 85 கிராம் தங்கத்தின் மதிப்புக்குக் குறையாத சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு. சதக்கா மனமுவந்து தருவது. அளவு இல்லை, தேதி இல்லை. பேச்சு வழக்கில் இந்தப் பிரிவு சரிதான். ஆனால் ஜகாத் யார் யாருக்குப் போக வேண்டும் என்று எட்டு வகையினரைச் சொல்லும் குர்ஆன் வசனம், 9:60, ‘ஸதகாத்’ என்ற சொல்லையே சொல்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுக்கும் பித்ராவின் முழுப்பெயரும் ஸதகத்துல் ஃபித்ர்தான். எனவே சதக்கா பெரிய வட்டம். அதற்குள் கடமையும் உண்டு, விருப்பமும் உண்டு.

நம் மாவட்டத்தில் இதோடு குழம்பும் இன்னொரு சொல் நேர்ச்சை. தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழாவில் வழங்கும் சோறும் நேர்ச்சைதான், பக்கத்துச் சர்ச்சில் கொடுப்பதும் நேர்ச்சைதான். நேர்தல் என்றால் தமிழில் உடன்படுதல், வேண்டிக்கொள்ளுதல். ‘இந்தக் காரியம் நடந்தால் இதைத் தருவேன்’ என்ற வாக்கு அதில் இருக்கிறது. அரபியில் இதற்கு நத்ர் என்று தனிச் சொல் உண்டு. நேர்ந்துவிட்டால் நிறைவேற்றியே ஆக வேண்டும். சதக்காவில் அந்த ‘நடந்தால்’ கிடையாது.

சரி, தமிழுக்கு வருவோம். நோட்டீஸில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்க்கலாம்.

நன்கொடை என்றதும் ரசீதுப் புத்தகம் கண்முன் வரும். அமைப்புக்குக் கொடுப்பதற்குப் பொருந்தும்; பசித்தவன் கையில் வைக்கும் சோற்றுப் பொட்டலத்தை நன்கொடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெறும் ‘கொடை’ என்று போட்டாலோ, குமரி மாவட்டத்தில் அது அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டும் மேளமும்தான் நினைவுக்கு வரும். தர்மம் நம் வீடுகளில் நன்றாகப் பழகிய சொல். வடமொழி வழி வந்தது என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் ‘தர்மம் போடுங்கம்மா’ என்று கேட்டுக் கேட்டு அது சில்லறைக் காசின் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

ஈகை அழகான சொல். நோன்புப் பெருநாளை ஈகைத் திருநாள் என்று சொல்கிறோம். பித்ரா அரிசி நினைவில் இருக்கும்வரை அந்தப் பெயர் பொருந்தும். ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’ என்று வள்ளுவர் அதற்கு எல்லையும் போட்டுவிட்டார். மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது. இந்த எல்லை சதக்காவின் ஒரு பாதிக்கு மிகச் சரியாக அமைகிறது. ஒரே ஒரு தயக்கம் எனக்கு. ‘ஈ’ என்று கேட்பவன் தாழ்ந்தவன், ‘தா’ என்பவன் ஒப்பானவன், ‘கொடு’ என்பவன் உயர்ந்தவன் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. ஆக ஈதலில் ஒரு மேடு பள்ளம் இருக்கிறது. கொடுக்கும் மேல் கை வாங்கும் கீழ் கையைவிடச் சிறந்தது என்று நபிமொழியும் சொல்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அது கொடுப்பவனைத் தூண்டச் சொன்னது. வாங்குபவனைப் பற்றிக் குர்ஆன் பேசும்போது, உள்ளவனின் செல்வத்தில் கேட்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ‘ஹக்’ இருக்கிறது என்கிறது. ஹக் என்றால் உரிமை.

அந்த உரிமையைச் சொல்லாமல் கற்றுக்கொடுத்த ஒருவனைப் பார்த்திருக்கிறேன். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த பையன். ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், மளிகைக்கடைக்காரரிடம் பற்று நோட்டை வாங்கினான். ரொம்ப நாளாகத் தீராமல் கிடந்த மூன்று வீட்டுக் கணக்கைப் பார்த்துத் தொகையை ஜிபேயில் அனுப்பினான். “யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க மாமா” என்றான், அவ்வளவுதான். அந்த மூன்று வீட்டாரும் யாரிடமும் கை நீட்டாதவர்கள். கேட்காமல் மானத்தோடு இருப்பதால் அறியாதவர்கள் வசதியானவர்கள் என்று எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றிக் குர்ஆன் 2:273 தனியாகவே பேசுகிறது. வலக்கை கொடுத்ததை இடக்கை அறியாதபடி கொடுப்பவர் மறுமையில் இறைவனின் நிழலில் இருப்பார் என்ற நபிமொழியும் உண்டு.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் பார்த்தேன். ஒரு ஜூன் மாதம் ஓர் அமைப்பு பிள்ளைகளுக்குப் பள்ளிப் பைகளைக் கொடுத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அந்தப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள். கூடப் படிக்கிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டார்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் உங்கள் சதக்காக்களைப் பாழாக்காதீர்கள் என்பது குர்ஆன் 2:264. ‘சொல்லிக்காட்டுதல்’ என்ற தமிழ் வழக்கு அங்குள்ள ‘மன்ன்’ என்ற அரபிச் சொல்லுக்கு அப்படியே பொருந்தும். இன்றைக்குச் சொல்லிக்காட்ட வாய் வேண்டாம், போன் போதும். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே என்று குர்ஆனே சொல்கிறது. கணக்கைக் காட்டுங்கள், அது வேண்டும். வாங்கியவர் முகத்தைக் காட்டாதீர்கள்.

சதக்காவின் மறுபாதிக்குப் பைசாவே தேவையில்லை. ‘நற்செயல் ஒவ்வொன்றும் சதக்கா’ என்பது நபிமொழி. சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சதக்கா உண்டு என்று இன்னொரு நபிமொழி சொல்கிறது. இருவருக்கு நடுவே நியாயம் செய்வது, ஒருவரின் சுமையைத் தூக்கி விடுவது, நல்ல சொல், பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது எல்லாம் அதில் வருகின்றன. இதைப் படிக்கும்போது எனக்கு நம் பஸ் ஸ்டாப்புகள்தான் கண்ணில் வரும். கூடையை இறக்கி வைத்த மீன்காரம்மா, “ஒரு கை பிடிச்சு விடு மக்களே” என்பார். காலேஜ் போகிற பையன் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தூக்கித் தலையில் வைத்துவிடுவான். மழைக்காற்றில் ரோட்டில் விழுந்த தென்னை மட்டையைப் பைக்கை நிறுத்தி ஓரமாக இழுத்துப் போடுவான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவான். வாங்குபவர் எந்த மதம் என்ற கேள்வி இதில் இல்லை. மனமுவந்து தரும் சதக்காவை முஸ்லிம் அல்லாதவருக்கும் கொடுக்கலாம் என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையைப் பார்த்தாலே இது தெரியும்.

இந்தப் பாதியை ஈகை என்ற சொல் தொடாது. அறம் தொடும். ஆனால் என் மனம் நிற்பது வேறொரு சொல்லில். மெய். தமிழில் மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. வேரிலே உண்மையையும் நபிமொழியிலே மூட்டு மூட்டாக உடம்பையும் வைத்திருக்கும் சதக்காவுக்கு இவ்வளவு நெருங்கிய தமிழ்ச்சொல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நோட்டீஸில் போட முடியாது, யாருக்கும் புரியாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லும்போது இதைத்தான் சொல்வேன்.

என் உம்மாவின் உம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. உலையில் போடும் அரிசியில் தினமும் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பானை நிறைந்ததும் ஒரு வீட்டுக்குப் போகும். பிடியரிசி என்பார், சில நாள் சதக்கா என்பார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நோட்டீஸ் கடைசியில் இப்படி அச்சானது: மேலே ‘சதக்கா’ என்று பெரிய எழுத்தில், அதன் கீழே சிறிதாக ‘மனமுவந்து தருவது’. அடியில் கியூஆர் கோடு. பெருநாள் முடிந்த வாரம் வரவு செலவுக் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினார்கள். எத்தனை நோயாளிகளுக்கு எவ்வளவு என்று இருந்தது, பெயர் ஒன்றுகூட இல்லை.