பார்சல் அட்டையில ஃப்ரேம் போடுங்க, ஆனா தாத்தா போட்டோவ அதுல வைக்காதீங்க

ஃப்ரேம் கடைக்காரன் சொல்றான், யாவாரத்துக்காக பயமுறுத்துறான்னு நினைச்சுக்காதீங்க. அட்டைப்பெட்டி, ஜூஸ் டப்பா வச்சு வீட்லயே படம் பண்ணி மாட்டுறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, கேட்டு வர்றவங்களுக்கு நானே சொல்லித் தர்றேன். ஆனா ரிப்பேருக்கு வர்ற படத்தப் பிரிச்சா பாதிக்கு மேல ஒரே கதைதான், முன்னாடி கண்ணாடி பளபளன்னு இருக்கும், பின்னாடி பார்சல் அட்டை, அதோட வரிவரியான பழுப்பு அப்படியே போட்டோவுல ஏறியிருக்கும்.

பழுப்பு அட்டையில லிக்னின்னு ஒண்ணு இருக்கு, மரத்துல இருந்து வர்றது. அது நாளாக நாளாக சிதைஞ்சு அமிலமாகும், ஒட்டியிருக்கற பேப்பரையும் மஞ்சளாக்கி நொறுங்க வச்சிரும். வெயில்ல கெடந்த நியூஸ்பேப்பர் ஆகுற மாதிரிதான். அதனால பழைய குடும்பப் போட்டோன்னா ஸ்கேன் பண்ணி காப்பிய மாட்டுங்க, ஒரிஜினலத்தான் மாட்டணும்னா ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டுன்னு, அதாவது போட்டோவுக்குப் பின்னாடி வைக்கற அமிலமில்லாத அட்டைன்னு கேட்டு வாங்குங்க, போட்டோவும் அட்டையும் தொடுற இடத்துல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

மத்தபடி புகுந்து விளையாடலாம். ஜூஸ் டெட்ரா பேக்க வெட்டி விரிச்சு கழுவிக் காய வச்சா உள்ள வெள்ளிப் பக்கம் இருக்குல்ல, அதுல காம்பஸ் முள்ளால கோடு கீறி படம் வரைங்க, கறுப்பா வரவேண்டிய இடத்துல கட்டரால லேசா கீறி அந்த வெள்ளித் தாள உரிச்சிருங்க, ஆயில் பெயிண்ட்ட தேச்சு பழைய துணியால துடைச்சா கீறல்லயும் உரிச்ச இடத்துலயும் மட்டும் மை நிக்கும். அது மேல ஈரம் ஒத்தி எடுத்த கெட்டி டிராயிங் பேப்பர வச்சு எவர்சில்வர் ஸ்பூன் முதுகால நல்லா அழுத்தித் தேய்ங்க, பிரிண்ட் ரெடி. எழுத்து இருந்தா திருப்பி எழுதணும், இல்லன்னா கண்ணாடில பாக்குற மாதிரி வரும். ஒரு டப்பா கொஞ்சம் பிரிண்ட்தான் தாங்கும், அப்புறம் கோடு மழுங்கிரும், அதான் அழகே.

ஃப்ரேமுக்கு பார்சல் அட்டைய ரெண்டு அடுக்கா ஒட்டுங்க, ஒண்ணுல வரி நெடுக்க போனா இன்னொண்ணுல குறுக்க போகணும், அப்பதான் வளையாது. படம் தெரியறதுக்கு நடுவுல ஜன்னல் வெட்டும்போது கீழ் ஓரத்த மட்டும் அரை இஞ்ச் கூட விடுங்க, சமமா விட்டா படம் கீழ இறங்குன மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

ஃப்ரேம அலங்கரிக்க பழைய சாமான ஒட்டுறப்ப மைதா பசை மட்டும் வேணாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஃபெவிகால் அட்டைக்கு ஓகே, பிஸ்கட் கவர் மேல பிடிக்காது, அதுக்கு டபுள் சைடு டேப். ஸ்வீட் பாக்ஸ்ல நெய் ஊறியிருந்தா தூக்கிப் போட்ருங்க, கறையும் பரவும், எறும்பும் வரும். தெர்மாகோல் மேல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சா கரைஞ்சு குழியாயிரும், சூடு கம்பியால வெட்டுனா அந்தப் புகை நல்லதில்ல. மாத்திரை அட்டை ஓரம் சின்னப் பசங்க விரல அறுக்கும், அத நீங்களே வெட்டிக் குடுங்க.

மாட்டுறப்ப ஓதம் ஏறுற சுவரத் தவிர்த்துருங்க. முடியலன்னா தேஞ்ச ரப்பர் செருப்புல சின்னத் துண்டா ரெண்டு வெட்டி ஃப்ரேமோட கீழ் மூலைல பின்னாடி ஒட்டுங்க, சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். கண்ணாடிக்குப் பதிலா சட்டை டப்பாவோட டிரான்ஸ்பரன்ட் மூடியே போதும், பசங்க ரூம்ல அதுதான் சேஃப், ஆனா காஞ்ச துணியால துடைக்காதீங்க, கீறல் விழுந்துரும்.