'மெயில் போட்டேன் சார், பதிலே வரல'

"மெயில் போட்டேன் சார், பதிலே வரல. அதனால ரிலீஸ் பண்ணிட்டேன்." இசைக் காப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். இந்த வாரமும் ஒரு ராப் பாடகர் கையில் வக்கீல் நோட்டீஸோடு வந்து இதையே சொன்னார். பழைய பாட்டு ஒன்றின் முன்னிசையை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கியிருக்கிறார். அனுமதி கேட்டதே தனக்குப் பாதுகாப்பு என்று உறுதியாக நம்புகிறார்.

அப்படி நம்பி மாட்டிக்கொண்ட கதை 1991லேயே நியூயார்க்கில் நடந்தது. அயர்லாந்துக்காரர் கில்பர்ட் ஓ'சல்லிவன் தானே எழுதி, இசையமைத்துப் பாடிய 'அலோன் அகெய்ன் (நேச்சுரலி)' 1972இல் அமெரிக்கத் தரவரிசையில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதிலிருந்து பியானோ துண்டை எடுத்து அமெரிக்க ராப் பாடகர் பிஸ் மார்க்கி தன் பாட்டில் வைத்தார். இப்படி எடுக்கும் துண்டுக்குத்தான் 'சாம்பிள்' என்று பெயர். வெளியிடும் முன் அவர் தரப்பு ஓ'சல்லிவனின் சகோதரருக்கு அனுமதி கேட்டு எழுதவும் செய்தது. சம்மதம் வரவில்லை. ஆல்பம் மட்டும் கடைக்கு வந்துவிட்டது.

நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பைத் தொடங்கியதே 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற பைபிள் கட்டளையோடுதான். அந்தக் கடிதம் அவர்களைக் காப்பாற்றவில்லை, மாட்டிவிட்டது. அனுமதி தேவை என்று தெரியாவிட்டால் ஏன் கேட்டிருப்பார்கள்? பாட்டுக்குத் தடை விழுந்தது. கிரிமினல் நடவடிக்கை எடுக்கலாமா என்று பார்க்க அரசு வக்கீலுக்கும் அனுப்பினார் நீதிபதி. 1993இல் பிஸ் மார்க்கி அடுத்த ஆல்பத்துக்கு 'ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!' (எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு!) என்று பெயர் வைத்தார். பட்டவருக்குத்தான் அந்தக் கிண்டல் வரும்.

நீங்கள் போட்ட மெயிலும் அப்படித்தான். பதில் வராத மெயில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் ஆவணம். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் பெண் பார்க்கும் இடத்தில் பேசுவது. நம் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் "சரி தம்பி, போட்டுக்கோ" என்றாலும் போதாது. டிஸ்கிரிப்ஷனில் கிரெடிட் போட்டேன் என்பதும் அனுமதி ஆகாது. 'ஏழு விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை' என்று ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: கையெழுத்து இரண்டு இடத்தில் வேண்டும். ஒலிப்பதிவு ஒருவருடையது, பாட்டும் மெட்டும் இன்னொருவருடையதாக இருக்கலாம். லேபிளிடம், அதாவது ஒலிப்பதிவை வைத்திருக்கும் இசைக் கம்பெனியிடம் மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறையப் பேர்.

பணம் கட்டத் தயார் என்றாலும் உரிமைக்காரர்கள் மறுக்கலாம், உங்கள் பாட்டு வரிகளை மாற்றச் சொல்லலாம். ராப் பாடகர் எமினெமின் 'மை நேம் இஸ்' பாட்டுக்கு பிரிட்டிஷ் பாடகர் லாபி சிஃப்ரேயின் 1975 பாட்டிலிருந்து சாம்பிள் எடுத்தபோது, பெண்களையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் இழிவுபடுத்தும் வரிகளை எடுத்தால்தான் தருவேன் என்றார் சிஃப்ரே. வரிகள் மாறின.

ஆகவே பீட், அதாவது பாட்டின் பின்னணி இசை, செய்யும்போதே அனுமதி கேளுங்கள், மிக்ஸ் முடிந்த பிறகல்ல. ரிலீஸ் தேதியைப் போஸ்டரில் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். எதிர்த்தரப்பு அந்தத் தேதியைப் பார்த்துத்தான் விலை சொல்லும். கிடைக்கவில்லையா, லூப்பைத் தூக்கிவிட்டுக் கீபோர்டுக்காரரிடம் புதிதாக ஒன்று வாசிக்கச் சொல்லுங்கள். அதே மெட்டை வாசிக்கச் சொல்லாதீர்கள். ஒலிப்பதிவுப் பிரச்சினை போகும், மெட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்புவார்.