இணைத்த பிறகு அது நம் நிரல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து பராமரித்துவரும் கட்டற்ற (எவரும் நிரலைப் பார்த்து, மாற்றி, பயன்படுத்தக்கூடிய) சம்பளக் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு பவர்டேபிள் (தையல்) யூனிட்டின் கணக்கர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஏனுங்க, எல்லாத்துக்கும் ஷிஃப்ட்டு கொறச்சலா வருதுங்க. ஒம்பது வர வேண்டிய எடத்துல ஆறுதானுங்க நிக்குது” என்றார். வெளியே நாற்பது பேர் சம்பளக் கவருக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வெளியூர்ப் பங்களிப்பாளர் ஒருவர் அனுப்பியிருந்த மாற்றத்தை இரண்டு நாள் முன்புதான் எங்கள் நிரலோடு இணைத்திருந்தோம். தரவுத்தளத்தில் ஷிஃப்ட் எண்ணிக்கைக்கான புலம் தசம எண்ணாக இருப்பதைப் பார்த்து, ஒருவர் ஒரு நாளில் அரை ஷிஃப்ட் வேலை செய்ய முடியாது என்று எண்ணி, அதை முழு எண்ணாக மாற்றியிருந்தார். திருப்பூரில் காலை எட்டரை மணிக்கு உள்ளே போனவர் இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தால் அது ஒன்றரை ஷிஃப்ட். ஆறு நாளுக்கு ஒன்பது. அந்த அரை ஷிஃப்ட் ஒவ்வொரு நாளும் அறுபட்டு ஆறாகிவிட்டது. நிரல் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. தானியங்கிச் சோதனைகள் அனைத்திலும் தேறியிருந்தது. அவர் மீது எந்தப் பிழையும் இல்லை, ஏனென்றால் எங்கள் ஆவணத்திலோ சோதனையிலோ ஒன்றரை ஷிஃப்ட் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான்தான் அந்த மாற்றத்தைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தேன்.

கட்டற்ற மென்பொருள் திட்டம் நடத்துவோரிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். இணைக்கும் பொத்தானை அழுத்தும்வரை ஒரு மாற்றம் பங்களிப்பாளருடையது. அழுத்திய பிறகு அது நம் நிரல். அவர் படிப்பை முடித்து, வேலைக்குச் சேர்ந்து, இந்தத் திட்டத்தையே மறந்துவிடலாம். சனிக்கிழமை மாலை வரும் அழைப்பை எடுக்க வேண்டியவர் பராமரிப்பாளர். ஆகவே வருகிற ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் (மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கையையும்) பார்க்கும்போது, இது வேலை செய்கிறதா என்பதோடு, இதை ஐந்து ஆண்டுகள் நம்மால் சுமக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் வேலை, ஒன்றரை ஷிஃப்ட்டுக்கு ஒரு சோதனை எழுதியது. அடுத்து, பீஸ் ரேட் (உருப்படிக் கணக்கில் கூலி), ஷிஃப்ட் கணக்கு, முன்பணப் பிடித்தம், ஜாப் ஒர்க் சலான் (வெளியே வேலைக்குக் கொடுப்பதற்கான சீட்டு) ஆகியவை இங்கே எப்படி நடக்கின்றன என்பதைத் தமிழில் பத்துப் பக்க அளவில் எழுதி, நிரலுடன் அதே களஞ்சியத்தில் வைத்தோம். அதை எழுத உதவியவர்கள் நிரல் எழுதத் தெரியாத இரண்டு கணக்கர்கள். எங்கள் திட்டத்துக்கு வந்த பங்களிப்புகளில் மிக மதிப்புள்ளது அதுவே என்று இன்றும் கருதுகிறேன். நிரலை மட்டுமே பங்களிப்பாக எண்ணி, வழுவைத் தெளிவாக எடுத்துச் சொல்பவரையும் ஆவணம் எழுதுபவரையும் இரண்டாம் வரிசையில் நிறுத்தும் பழக்கம் பல திட்டங்களில் இருக்கிறது. அது திட்டத்துக்கே கேடு.

இரண்டாவது நிகழ்ச்சி எனக்கு இன்னும் வருத்தம் தருவது. எங்கள் மென்பொருளில் “கோமதி” என்று தேடினால் சில இடங்களில் பெயர் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. ஈரோட்டுப் பக்கம் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் “கோ” என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு இரண்டு குறியீட்டெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்னும் இயல்பாக்கத்தை, அதாவது ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதை, செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அவர் எழுதிய திருத்தம் ஒன்பதே வரி. ஆனால் அவருடைய எடிட்டர் கோப்பு முழுவதையும் மறுசீரமைத்துவிட்டதால், புல் ரிக்வெஸ்ட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள் மாறியதாகக் காட்டியது.

அதைத் திறந்து பார்த்தேன். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் பார்க்கலாம் என்று மூடினேன். ஐந்து வாரம் கழித்து நான் பதில் எழுதியபோது மறுமொழி வரவில்லை, பிறகும் வரவில்லை. அந்த ஒன்பது வரியை நான் தனியே எடுத்து, அவர் பெயரிலேயே கமிட் செய்து (மாற்றமாகப் பதிந்து) இணைத்தேன். இவ்வளவு நுட்பமாகத் தமிழ் எழுத்துச் சிக்கலைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரை இழந்தது அந்த ஐந்து வார மௌனத்தால்தான். அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டு வாக்கியம் மட்டுமே: “நீங்கள் கண்டுபிடித்த காரணம் சரி. வடிவமைப்பு மாற்றங்களை நீக்கிவிட்டுத் திருத்தத்தை மட்டும் அனுப்புங்கள்.”

(இயல்பாக்கத்தால் தீராத சிக்கலும் உண்டு. “கௌசல்யா” என்பதை எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். அது வேறு எழுத்து என்பதால் எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. தேடலில் அதற்குத் தனியே வழி செய்ய வேண்டும்.)

இப்போது ஏழு நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் போக வேண்டும் என்பதை எங்களுக்குள் விதியாக வைத்திருக்கிறோம். முழு மதிப்பாய்வு முடியவில்லை என்றால், எப்போது பார்ப்போம் என்று எழுதுகிறோம். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு மறுக்கிறோம். நம் பக்கத்தில் யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுவோம். “பார்க்கலாமுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவது மரியாதை என்று நினைப்போம். நிரல் விஷயத்தில் அந்தப் பார்க்கலாம் ஒருவருடைய உழைப்பை மாதக்கணக்கில் தொங்கவிடுகிறது. திட்டத்தின் எல்லைக்குள் வராத ஒன்றை, நல்ல நிரலாகவே இருந்தாலும், முதல் வாரத்திலேயே நன்றி சொல்லி மறுத்துவிடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. பெரிய மாற்றம் செய்ய விரும்புவோர் எழுதத் தொடங்கும் முன்பே ஓர் இஷ்யூவை (விவாதப் பதிவை) திறந்து பேசிக்கொள்ள வேண்டும் என்று பங்களிப்பு வழிகாட்டியின் முதல் வரியிலேயே எழுதியிருப்பதும் இதற்காகத்தான். இரண்டாயிரம் வரி எழுதி முடித்தவரிடம் வேண்டாம் என்பது இரு தரப்புக்கும் துன்பம்.

எண்ணிக்கைக்காக வரும் பங்களிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பதை ஊக்குவிக்க ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வை நடத்திவருகிறது. 2020இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் தொடங்கியவுடனே, ஆவணத்தில் ஒரு புகழ்ச்சிச் சொல்லைச் சேர்த்துவிட்டு மாற்றம் என்று அனுப்பும் வெற்றுக் கோரிக்கைகள் உலகெங்கும் திட்டங்களில் வந்து குவிந்தன. அவற்றில் நம் நாட்டு மாணவர்கள் அனுப்பியவையும் நிறைய. சில நாள்களிலேயே, நிகழ்வில் பங்கேற்க விருப்பம் தெரிவிக்கும் திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டி-ஷர்ட் தைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்த்த எனக்கு அந்த மாணவர்கள் மீது கோபம் வரவில்லை. முதல் பங்களிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்லூரிகளில் பேச அழைக்கும்போதெல்லாம் நான் சொல்வது, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில் உங்களுக்கே தொந்தரவு தந்த ஒரு வழுவிலிருந்து தொடங்குங்கள் என்பதே. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த நிரலை அனுப்புவோருக்கும் எங்களிடம் ஒரே நிபந்தனைதான்: ஒவ்வொரு வரிக்கும் அனுப்பியவர் தாமே காரணம் சொல்ல வேண்டும்.

உரிமையைப் பற்றி நம் ஊரில் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கோவையில் சரவணம்பட்டியிலோ கீரணத்தத்திலோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர் இரவில் எழுதி அனுப்பும் நிரல் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. எது பணியின் பகுதி என்பதில் பின்னாளில் வழக்கு வரலாம். வேலை ஒப்பந்தத்தில் அதைவிடக் கடுமையான விதியும் இருக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவகத்தின் நிரல் உரிமை 2003இல் நீதிமன்றம் ஏறிய பிறகு, 2004இல் அத்திட்டம் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. இந்த நிரலை இந்த உரிமத்தில் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பாளர் ஒவ்வொரு கமிட்டிலும் தம் பெயரிட்டு ஒப்பமிடுவதே அது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் அதற்கென்றே ஒரு விருப்பக்குறி இருக்கிறது. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். பணியில் இருப்பவர்களிடம் கூடுதலாக, நிறுவனத்தின் அனுமதியை மின்னஞ்சலிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். சிலர் அதற்கே தயங்கி விலகிவிடுகிறார்கள். அப்படியும் அந்த விதியைத் தளர்த்தவில்லை.

கடைசியாக, யாரிடம் சாவியை, அதாவது இணைக்கவும் வெளியிடவும் உரிமையை, கொடுப்பது என்ற கேள்வி. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியில் பின்வாசல் ஒன்று (வெளியாள் மறைவாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும், இயல்பாக முடிய வேண்டிய எஸ்.எஸ்.எச். இணைப்பு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட்டில் பணிபுரிந்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட். அந்தப் பின்வாசலை வைத்தவர் 2021 முதலே பங்களிக்கத் தொடங்கி, பயனுள்ள திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளர் ஆனவர். தனியாளாகக் களைத்துப்போயிருந்த மூலப் பராமரிப்பாளரை, வேறு பெயர்களில் வந்தவர்கள் வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். தீய நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று தனியே கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தன.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது எங்கள் திட்டத்தின் வெளியீட்டுச் சாவி என் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. நானும் களைத்துத்தான் இருந்தேன். யாராவது அன்போடு வந்து உங்கள் சுமையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தால் மறுயோசனை இல்லாமல் கொடுத்திருப்பேன். புதியவர்கள் எல்லோரையும் சந்தேகிப்பது இதற்குத் தீர்வாகாது. அப்படிச் செய்தால் அந்த ஈரோட்டு மாணவியைப் போன்றவர்களைத்தான் மீண்டும் இழப்போம். நாங்கள் மாற்றியது நடைமுறையை. இணைக்கும் உரிமை இப்போது மூவரிடம் இருக்கிறது; மூவரும் நேரில் அறிமுகமானவர்கள். எவருடைய மாற்றமானாலும், என்னுடையதே ஆனாலும், மற்றொருவர் படித்து ஒப்புதல் தராமல் முதன்மைக் கிளைக்குள் போகாது. வெளியீட்டுத் தொகுப்பை யாருடைய மடிக்கணினியிலும் கட்டுவதில்லை. களஞ்சியத்திலுள்ள நிரலிலிருந்து தானியங்கியாகவே கட்டுகிறோம். படித்துப் பார்க்க முடியாத கோப்பு எதையும், சோதனைக்கு என்று சொல்லி வந்தாலும், அது எப்படி உருவானது என்ற குறிப்பு இல்லாமல் ஏற்பதில்லை.

இதனால் வேலை மெதுவாகிறது என்பது உண்மை. சென்ற மாதம் ஒரு சிறு திருத்தம் மூவரில் ஒருவர் ஊருக்குப் போயிருந்ததால் நான்கு நாள் காத்திருந்தது. அனுப்பியவரிடம் அதை முதல் நாளே சொல்லிவிட்டோம், அவரும் காத்திருந்தார்.